ஆர்டுபைலட் ஹெலிகாப்டர்: ஹோவருக்கு ஒரு மோட், இறக்குவதற்கு வேறு மோடா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். 600 வகை ரேடியோ கட்டுப்பாட்டு ஹெலிகாப்டரில் ஆர்டுபைலட் என்ற ஆட்டோபைலட் மென்பொருளைப் பொருத்தி, ஸ்டெபிலைஸ் மோடில் (உடலைச் சமநிலையில் மட்டும் வைக்கும் மோட்) நிதானமாக ஹோவர் செய்ய, அதாவது அந்தரத்தில் ஓரிடத்தில் நிறுத்தப் பழகியிருக்கிறேன். உயரத்தைத் தானே பிடித்துக்கொள்ளும் ஆல்ட் ஹோல்ட், உயரத்தோடு இடத்தையும் பிடித்துக்கொள்ளும் லாய்ட்டர் ஆகிய இரு மோடுகளும் தலைக்கு மேலான உயரத்தில் நன்றாகவே நிற்கின்றன. ஆனால் அதே மோடில் இறக்க முயன்றால், தரையை நெருங்கியதும் ஹெலிகாப்டர் மேலும் கீழுமாகத் துள்ளுகிறது. வலப்பக்க ஸ்கிட் (தரையில் ஊன்றும் கால்) மட்டும் முதலில் தரையைத் தொடுகிறது. எந்த மோடில் இறக்குவது சரி? ஸ்கிட் சரிவது ட்யூனிங் (அமைப்புகளைச் சரிசெய்தல்) குறையா?

மறுமொழி 1

ஸ்கிட் சரிவது குறையன்று. மேலிருந்து பார்க்கும்போது முதன்மை ரோட்டார் வலஞ்சுழியாகச் சுற்றினால், அதன் முறுக்கத்தை ஈடுகட்டும் வால் ரோட்டாரின் உந்துதல் ஹெலிகாப்டரை இடப்பக்கம் நகர்த்தும். அதைத் தடுக்க உடல் சற்று வலப்பக்கம் சாய்ந்துதான் ஓரிடத்தில் நிற்க முடியும். ஹோவரில் இந்தப் பக்கவாட்டுச் சாய்வை அமைப்பதற்கென ஹோவர் ரோல் ட்ரிம் என்ற அளவுரு இருக்கிறது. காற்றில்லாத நாளில் அதைச் சரிபாருங்கள்.

மறுமொழி 2

துள்ளலுக்குக் காரணம், காற்றழுத்தத்தைக் கொண்டு உயரத்தைக் கணிக்கும் பாரோமீட்டராக இருக்கவே வாய்ப்பு அதிகம். ரோட்டார் கீழே தள்ளும் காற்று தரையில் மோதி அழுத்தத்தைக் கூட்டுகிறது. அழுத்தம் கூடினால் உயரம் குறைந்துவிட்டதாக எண்ணும் ஆட்டோபைலட் கலெக்டிவை (எல்லா பிளேடுகளின் கோணத்தையும் ஒருசேர மாற்றித் தூக்குவிசையைக் கட்டுப்படுத்துவது) ஏற்றுகிறது. தரைக்கு அருகே ஏற்படும் தரை விளைவால் தூக்குவிசையும் அப்போது கூடியிருப்பதால், ஹெலிகாப்டர் எழும்பிவிடுகிறது. பாரோமீட்டரின் மேல் நுண்துளை ஸ்பாஞ்ச் ஒட்டுவது ஓரளவு உதவும்.

துள்ளலைவிட நான் அஞ்சுவது ஸ்கிட் தரையைத் தொட்ட பிறகான சில நொடிகளைத்தான். லாய்ட்டர் மோட் ஜிபிஎஸ் காட்டும் இடத்தைப் பிடித்துக்கொள்ள முயல்கிறது. அந்த அளவு சற்று நகர்ந்தால்கூட, தரையில் ஊன்றி நிற்கும் ஹெலிகாப்டரை நகர்த்துவதற்காக ஸ்வாஷ்பிளேட்டை (பிளேடுகளின் கோணத்தை மாற்றும் தட்டு) சாய்க்கும். உடல் நகராததால் திருத்தம், பிழையைக் கூட்டிக்கொண்டே வரும் கணக்கீடான இன்டக்ரேட்டரில் சேர்ந்துகொண்டே போகும். ஒரு ஸ்கிட் புல்லிலோ கல்லிலோ சிக்கியிருக்க, ரோட்டாரில் தூக்குவிசையும் மிச்சமிருந்தால், அந்த ஸ்கிட்டையே அச்சாகக் கொண்டு ஹெலிகாப்டர் புரண்டுவிடும். இதனால்தான் ஹோவருக்கு லாய்ட்டரைத் தாராளமாகப் பயன்படுத்தினாலும், கடைசி ஒரு மீட்டரை ஸ்டெபிலைஸில் கடக்க வேண்டும் என்கிறேன். அதில் கலெக்டிவ் நேரடியாக உங்கள் கையில் இருக்கும். ஸ்கிட் பட்டதும் தயங்காமல் கலெக்டிவை முழுவதும் இறக்கி, சைக்ளிக்கை (முன்பின், பக்கவாட்டுச் சாய்வுக்கான கட்டுப்பாடு) நடுவில் வைத்து, பிறகு ரோட்டார் மோட்டாரை இயக்கி நிறுத்தும் சுவிட்சான மோட்டார் இன்டர்லாக்கை அணையுங்கள்.

மறுமொழி 3

மேலே உள்ள கருத்தில் லாய்ட்டர் குறித்த எச்சரிக்கையை ஏற்கிறேன். ஆனால் தானியங்கி இறக்கத்தை முற்றிலும் ஒதுக்க வேண்டியதில்லை. கீழ்நோக்கிய லிடார் (லேசரால் தூரத்தை அளக்கும் கருவி) பொருத்தி, அதிர்வையும் காம்பஸையும் சரிசெய்துவிட்டால், தானாகவே இறக்கும் லேண்ட் மோட் சமதரையில் நம்பத்தக்கதாகவே இருக்கிறது. இயல்பு அமைப்பில் அது கடைசி 10 மீட்டரை வினாடிக்கு 50 சென்டிமீட்டர் வேகத்தில் இறங்குகிறது. ஹோவரில் ஹெலிகாப்டர் வட்டமிடத் தொடங்கினால் காம்பஸ் பிழையாக இருக்கலாம். அது தீரும்வரை லாய்ட்டரும் வேண்டாம், லேண்டும் வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. ஆல்ட் ஹோல்டிலிருந்து ஸ்டெபிலைஸுக்குக் காற்றிலேயே மாற்றுவதில் ஆபத்து உண்டா?

மறுமொழி 2

உண்டு, கவனியுங்கள். ஆல்ட் ஹோல்டில் ரிமோட்டின் கலெக்டிவ் குச்சி (பெரும்பாலும் இடக்கைக் குச்சி) ஏறும், இறங்கும் வேகத்தைக் குறிக்கிறது; நடுவில் இருந்தால் உயரம் மாறாது. ஸ்டெபிலைஸுக்கு மாறிய கணமே அதே குச்சி பிளேடின் பிட்ச்சை, அதாவது கோணத்தைக் குறிக்கும். குச்சியின் எந்த நிலைக்கு எவ்வளவு பிட்ச் என்று வகுக்கும் உங்கள் கலெக்டிவ் வளைவில் நடுப்புள்ளி ஹோவருக்குத் தேவையான பிட்ச்சைத் தராவிட்டால், ஹெலிகாப்டர் சட்டென்று விழும் அல்லது எழும்பும். ஸ்டெபிலைஸ் கலெக்டிவ் வளைவின் நான்கு புள்ளிகளையும், நடுக்குச்சியில் ஹோவர் அமையுமாறு முதலில் திருத்துங்கள். பிறகு போதிய உயரத்தில், இறங்கும் கட்டளை எதுவும் கொடுக்காமல் குச்சியை நடுவில் வைத்தபடி, இரண்டு மோடுகளுக்கும் இடையே மாற்றிப் பாருங்கள். உயரம் குலையாமல் நின்றால், அதன்பின் தரைக்கு அருகே மாற்றலாம்.