மேலத்தெரு குடும்பம் (வியாழன் காலை)

முருகேசன் பெரியப்பா, 6.12
எல்லாரும் முழிச்சாச்சா. என் போன்ல நெட்டு காலையிலயே தீந்து போகுது. மூணு நாளா இதே கத. ராத்திரி 12 மணிக்குதான் புதுசா 1.5 ஜிபி விழும். நான் தூங்கிட்டுல்லா இருக்கேன்

செல்வி சித்தி, 6.15
காலை வணக்கம் 🙏🌺

மீனா மதினி, 6.20
மாமா யூடியூப் ஓடிகிட்டே இருந்திருக்கும். கண்ணாடியோட தூங்குதீய

முருகேசன் பெரியப்பா, 6.22
இல்ல மீனா. போன சார்ஜுல போட்டுட்டுதான் படுக்கேன். வீட்டு வைஃபைல வந்து இத அனுப்புதேன். நேத்து சங்கரன் போட்டுத் தந்த ஆப்புல வந்தத கீழ போடுதேன்
📷 படம்

சங்கரன் மாமா, 6.41
அத்தான், இத லேசா விடக் கூடாது. 31 வருசம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல குப்ப கொட்டினவன் சொல்லுதேன். நெட்டு எங்கெங்க போகுதுன்னு காட்டுற ஆப்ப நான் சும்மா போடல. படத்த நல்லா பாருங்க. ராத்திரி பூரா "1இ100 டாட் நெட்"னு ஒரு எடத்தோட பேசிகிட்டே இருக்கு. 5228ங்கிற போர்ட்டு வழியா. ஒரு நிமிசம் கூட லைன் அறுபடல. பேரப் பாத்தாலே தெரியல? அந்தக் காலத்துல லைன்ல கிளிப் போட்டு ஒட்டுக் கேப்பான். இப்ப வெளிநாட்டுல உக்காந்து கேக்கான். நான் போன தீவாளிக்கே சொன்னேன், யாரும் காதுல வாங்கல.

செல்வி சித்தி, 6.43
அய்யய்யோ

கார்த்தி, 6.50
மாமா அது கூகுள்

சங்கரன் மாமா, 6.51
கூகுள்னா கூகுள்னு போட வேண்டியதுதான

கார்த்தி, 6.52
1க்குப் பின்னால 100 சைபர் வந்தா அந்த எண்ணுக்குப் பேரு கூகோல். அதத்தான் சுருக்கி 1இ100னு வச்சிருக்காங்க. 5228 வழியாத்தான் நோட்டிபிகேசன் வரும். லைன் அறுந்தாத்தான் கஷ்டம். உங்க போன்லயும் ஓடுது

சங்கரன் மாமா, 6.52
என் போன்ல ஓடாது

கார்த்தி, 6.52
ஓடும்

செல்வி சித்தி, 6.53
கார்த்தி சாப்டியா

கார்த்தி, 6.54
அம்மா மணி இன்னும் ஏழு ஆகல
பெரியப்பா, செட்டிங்ஸ்ல டேட்டா யூசேஜ்னு இருக்கும். எந்த ஆப் எவ்வளவு தின்னுச்சுன்னு வரிசையா வரும். அத எடுத்து போடுங்க

முருகேசன் பெரியப்பா, 7.09
📷 படம்

கார்த்தி, 7.11
கூகுள் போட்டோஸ் 1.2 ஜிபி. அவ்வளவுதான். திருச்செந்தூர் காதுகுத்து வீடியோ எல்லாம் மேல ஏறிட்டு இருக்கு. மொபைல் டேட்டாலயும் ஏத்துன்னு யாரோ ஆன் பண்ணி வச்சிருக்காங்க

சங்கரன் மாமா, 7.13
படம் போயிரக் கூடாதேன்னு நாந்தான் பண்ணேன். நல்லதுக்குத்தான

மீனா மதினி, 7.13
😂😂😂

செல்வி சித்தி, 7.15
அந்த வீடியோவுல வட பத்தாமப் போனதும் இருக்கா. அன்னைக்கு யாரு கணக்கு போட்டான்னு எல்லாரும் பாக்கட்டும்

மீனா மதினி, 7.16
200 எல போதும்னு சொன்னது நான் இல்ல சித்தி

கார்த்தி, 7.18
இருங்க
அடில ஒண்ணு கெடக்கே. 4 எம்பி. "கல்யாண பத்திரிகை"னு பேரு. ஐகான் கூட இல்ல. என்னது இது

சங்கரன் மாமா, 7.19
4 எம்பியெல்லாம் ஒரு கணக்கா. ஒரு போட்டோ அளவு

கார்த்தி, 7.20
எஸ்எம்எஸ் வெறும் எழுத்துதான மாமா. ஆயிரம் மெசேஜ எழுத்தா எண்ணுனா 1 எம்பி கூட வராது. 4 எம்பிக்குள்ள போன்ல உள்ள மெசேஜ் எல்லாம் வெளிய போயிரலாம். ஓடிபி எல்லாம் அதுலதான வருது. 1.2 ஜிபி வீட்டு ஆளு தின்னது, இதுதான் எனக்கு சரியாப் படல
பெரியப்பா இது எப்படி வந்துச்சு

கார்த்தி, 7.26
பெரியப்பா??

முருகேசன் பெரியப்பா, 7.31
ராசு அனுப்பினான்

மீனா மதினி, 7.31
எந்த ராசு

முருகேசன் பெரியப்பா, 7.33
நம்ம ராசுதான். கோயில்பட்டி

செல்வி சித்தி, 7.33
😳

முருகேசன் பெரியப்பா, 7.37
திங்கக்கெழம வந்துச்சு. பின்னால ஏபிகேன்னு போட்டிருந்தது. மக கல்யாணம் போலன்னு நெனச்சேன். கிணத்து மோட்டார் சண்டைக்கு அப்புறம் 11 வருசம் கழிச்சு கூப்புடுதானேன்னு தொட்டுட்டேன். மெசேஜ் படிக்கவான்னு கேட்டுச்சு. எல்லாத்துக்கும் சரி சரின்னு குடுத்தேன்

கார்த்தி, 7.38
ஏபிகேன்னா பத்திரிகை இல்ல பெரியப்பா, ஆப்பு. உடனே ஏரோபிளேன் மோட் போடுங்க. வைஃபையும் ஆஃப். பெரியம்மா போன்ல இருந்து பேங்குக்கு பேசி ஏடிஎம், யூபிஐ எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லுங்க. கூகுள்ல நம்பர் தேடாதீங்க, ஏடிஎம் கார்டு பின்னால இருக்கறதப் பாருங்க. காசு போயிருந்தா சைபர் கிரைம் நம்பர் 1930. அந்த ஆப்ப அப்புறம் எடுப்போம்

சங்கரன் மாமா, 7.44
கால் ஃபார்வர்டும் பாக்கணும். ஸ்டார் 401 அடிக்கச் சொல்லி ஏமாத்துவான். அடிச்சா நம்ம காலு அவனுக்குப் போயிரும். இந்த மாதிரி கோடு போட்டு ஃபார்வர்ட் பண்ற வசதிய 2024 ஏப்ரல் 15ல இருந்து நிறுத்தச் சொல்லி டெலிகாம் துறையே உத்தரவு போட்டுச்சு. எங்க டிபார்ட்மென்ட்ல இருந்தப்ப

கார்த்தி, 7.44
மாமா அது வேற கேஸ்

லட்சுமி பெரியம்மா, 8.05
நாந்தான் முருகேசன். இவ போனு. பேங்க்ல பேசிட்டேன். பென்சன் அப்படியே இருக்காம்

மீனா மதினி, 8.05
முருகா 🙏

கார்த்தி, 8.07
நல்லது. உங்க நம்பர்ல இருந்தும் அந்தப் பத்திரிகை போயிருக்கலாம். யாருக்காவது வந்துச்சா

செல்வி சித்தி, 8.09
எனக்கு வந்துச்சு. அத்தான் வீட்டுல யாருக்குக் கல்யாணம்னு கேக்கணும்னு இருந்தேன். எனக்கு ஒழுங்கா சொல்லலன்னு கோவத்துல தெறக்கல

சங்கரன் மாமா, 8.14
எனக்கும் வந்துச்சு. தொட்டேன். ஒண்ணும் நடக்கல

கார்த்தி, 8.14
மாமா
ஏரோபிளேன் மோட்

கார்த்தி, 8.21
கோயில்பட்டி சித்தப்பா போனும் மாட்டிருக்கும். அவருக்குத் தெரியாமதான் போயிருக்கும். யாராவது கூப்பிட்டு சொல்லணும்

கார்த்தி, 8.34
யாரு சொல்றது?

மீனா மதினி, 8.36
எங்க வீட்டுல பேச மாட்டாவ

லட்சுமி பெரியம்மா, 8.40
🎤 0:21

மீனா மதினி, 8.42
ஆச்சி குரல கேட்டீயளா மாமா

லட்சுமி பெரியம்மா, 8.43
பக்கத்துலதான இருக்கேன்

லட்சுமி பெரியம்மா, 8.47
அப்ப அவன் மகளுக்குக் கல்யாணம் இல்லியா

செல்வி சித்தி, 8.48
இல்ல அத்தான். அவ இப்பத்தான் காலேஜ் ரெண்டாம் வருசம்

மீனா மதினி, 8.48
உங்களுக்கு எப்படித் தெரியும் சித்தி

செல்வி சித்தி, 8.55
சிலிண்டர் வந்துட்டு. அப்புறம் வாரேன்

லட்சுமி பெரியம்மா, 8.57
செல்வி, நம்பர் இருந்தா இதுல அனுப்பு. எம்போனு ஏரோபிளேன்ல கெடக்கு