பழைய ஜெர்மன் காரைத் தினமும் ஓட்டுபவர்கள் இங்கே சொல்லுங்கள்

கோவைக்காரன்:

என்னிடம் இருப்பது 2011 மாடல் பி.எம்.டபிள்யூ. 320டி, இ90 என்று சொல்வார்களே அந்தத் தலைமுறை. கோவையிலிருந்து திருப்பூர் போய்வர இதுதான். புது ஸ்விஃப்ட் வாங்கும் காசுக்குள் முடிந்தது என்றதும் சொந்தக்காரர்கள் "லாட்டரி அடிச்சிருக்கு" என்றார்கள். புதிதில் முப்பது லட்சத்தைச் சுற்றி விற்ற வண்டி. அதன் விலைதான் இறங்கியிருக்கிறது, ஸ்பேர் பார்ட்ஸுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. இன்ஜெக்டரும் டர்போவும் இன்னும் முப்பது லட்ச ரூபாய் காரின் கணக்கில்தான் பேசும். ஸ்விஃப்ட் செலவில் இதை ஓட்டிவிடலாம் என்று வாங்கியவர்கள்தான் கொஞ்ச நாளில் வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

"சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்து ஆலையில் பூட்டிய வண்டிதானே, ஸ்பேர் சல்லிசாகக் கிடைக்குமே" என்று ஒரு புரோக்கர் சொன்னார். பி.எம்.டபிள்யூ.வின் அந்த ஆலை 2007-ல் 3 சீரிஸோடு (320டி-யும் அந்த வரிசைதான்) தொடங்கியது என்பது உண்மை. ஆனால் பெட்டி பெட்டியாக வெளிநாட்டிலிருந்து வந்ததை இங்கே பூட்டினார்கள், அவ்வளவுதான்.

இந்த டீசல் என்ஜின், என்47, பற்றித் தெரியாமல் யாரும் இ90 பார்க்கப் போக வேண்டாம். வால்வையும் பிஸ்டனையும் ஒன்றோடொன்று இடிக்காமல் தாளம் தப்பாது ஓட்டும் சங்கிலிதான் டைமிங் செயின். அதை முன்பக்கம் வைக்காமல் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி வைத்திருக்கிறார்கள். செயினும் அதை வழிநடத்தும் கைடும் தேய்ந்தால் மாற்ற கியர்பாக்ஸை இறக்கணும், இல்லையென்றால் என்ஜினையே வெளியே எடுக்கணும். கவனிக்காமல் விட்டுச் செயின் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், என்ஜின் அதோடு சரி. இது உலகம் முழுக்கத் தெரிந்த சங்கதி, குறிப்பாக 2011 வரை வந்த வண்டிகளில். அதனால் விற்பவரிடம் முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போது போங்கள். பானட்டைத் திறந்து, டேஷ்போர்டு பக்கமிருந்து உரசுவது மாதிரி, சங்கிலி குலுங்குவது மாதிரி சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் இன்னும் தெளிவாகக் கேட்கும்.

நான் வாங்கிய வண்டியில் முதல் ஓனர் செயினை ஏற்கெனவே மாற்றியிருந்தார். பில்லில் பார்ட் நம்பரோடு இருந்தது. அதே வாரத்தில் இதைவிடப் பளபளப்பான, கிலோமீட்டர் குறைவாகக் காட்டிய இன்னொரு வண்டியும் பார்த்தேன். பில் கேட்டால் "எல்லாம் பக்காங்க" என்பதுதான் பதில். பில் இருந்த வண்டிக்குக் கூடுதலாகவே கொடுத்தேன், யோசிக்கவே இல்லை.

அப்புறம் கியர்பாக்ஸ் ஆயில். ஆயுள் முழுக்க மாற்ற வேண்டியதில்லை என்று கார் கம்பெனி சொல்லும். என் வண்டியில் இருக்கும் ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கைச் செய்த இசட்.எஃப். நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருடத்தில் மாற்றச் சொல்கிறது. நான் செய்தவனைத்தான் நம்புவேன். கியர்பாக்ஸின் கீழே ஆயில் தங்கும் பிளாஸ்டிக் தட்டுக்குள்ளேயே ஃபில்டர் இருப்பதால் தட்டோடு சேர்த்து மாற்றணும், செலவு கூடத்தான். மாற்றியபின் கியர் மாறுவது எனக்குத் தெரியவே இல்லை. என்ஜின் ஆயிலுக்கும் டேஷ்போர்டு சொல்லும் நீண்ட இடைவெளியைப் பார்ப்பதில்லை, 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை.

ஸ்பேர் விஷயத்தில் ஒரு வழி உண்டு. கம்பெனி டப்பாவில் வருவதைச் செய்பவர்களே தங்கள் பெயரிலும் விற்கிறார்கள்: ஃபில்டருக்கு மான், சஸ்பென்ஷனுக்கு லெம்ஃபோர்டர், எலக்ட்ரிக்கலுக்கு பாஷ். சேசிஸ் நம்பரை வைத்துப் பார்ட் நம்பர் எடுத்துவிட்டால் டப்பா மட்டும்தான் வேறு. அதற்கு லேப்டாப்பும் சாஃப்ட்வேரும் வைத்திருக்கும் தனி மெக்கானிக் வேணும். பேட்டரி மாற்றினால்கூட இந்த வண்டியின் கம்ப்யூட்டரில் புதிதென்று பதியணும். பதியாவிட்டால் பழைய பேட்டரிக்குச் செய்கிற மாதிரியே சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும்.

ஓ.எம்.ஆர். வாசி:

அண்ணா, டெல்லி நம்பர் வண்டி இன்னும் விலை குறைவாக இருக்கிறதே, எடுக்கலாமா? என்னிடம் இப்போது இருப்பது ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ., அந்த ஏழு கியர் டி.எஸ்.ஜி. (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ்தான். என்னை எல்லோரும் பயமுறுத்தினார்கள். அதில் இருப்பது ஆயிலில் நனையாத டிரை கிளட்ச் இரண்டு. 2013-ல் பல நாடுகளில் இந்த கியர்பாக்ஸுக்கு ரீகால் விட்டு, சிந்தெடிக் ஆயிலை எடுத்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றினார்கள் என்பது பலருக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு இதுவரை தொந்தரவு இல்லை. சோழிங்கநல்லூர் சிக்னலில் இன்ச் இன்ச்சாக ஊர்ந்தால் கிளட்ச் பாதி பிடித்தபடி சூடாகும். அதனால் முன்னால் இடம் விட்டு, பிரேக்கை முழுக்க மிதித்து நின்று, இடம் கிடைத்ததும் ஒரேயடியாக நகர்வேன். பின்னால் இருக்கிறவர் ஹார்ன் அடிப்பார், அடிக்கட்டும்.

சென்னை வண்டி பார்க்கிறவர்கள் 2015 டிசம்பர், 2023 டிசம்பர் வெள்ளம் இரண்டையும் மனதில் வையுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். கார்பெட்டைக் கழுவலாம், பெல்ட்டின் அடியில் ஏறிய சேற்றுக் கறை அவ்வளவு சீக்கிரம் போகாது.

கோவைக்காரன்:

தம்பி, டெல்லியில் பத்து வருடம் தாண்டிய டீசலுக்குத் தடை என்று 2018-ல் உச்ச நீதிமன்றமும் சொன்னபிறகுதான் அங்கிருந்து இப்படிக் குறைந்த விலையில் வர ஆரம்பித்தன. அங்கே என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்டி, நம்பர் மாற்றும் செலவைக் கூட்டிப் பாருங்கள். உள்ளூர் வண்டியோடு வித்தியாசம் ரொம்பக் குறைந்துவிடும். பில்லும் கூடவே வந்தால் யோசிக்கலாம்.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து:

இங்கே பழைய கார் வாங்குவது கொஞ்சம் நிம்மதி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கட்டாயப் பரிசோதனை, அதில் என்னென்ன குறை என்று எழுதித் தருவார்கள். சர்வீஸ் புத்தகத்தில் ஒர்க்‌ஷாப் முத்திரை இல்லையென்றால் விலையை அடித்துப் பேசலாம். பனிக்காலத்தில் ரோட்டில் தூவும் உப்பால் துருதான் எங்கள் தலைவலி, முதலில் வண்டிக்கு அடியில்தான் குனிந்து பார்ப்போம். விடுமுறையில் மதுரை வந்தபோது நண்பரின் பழைய பென்ஸைப் பார்த்தேன். அடியில் துரு என்று பெயருக்குக்கூட இல்லை, ஆனால் கூலன்ட் ஹோஸைத் தொட்டால் உதிர்கிறது. உங்கள் வெயிலில் ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் கிலோமீட்டர் பார்த்து மாற்றாதீர்கள், வயது பார்த்து மாற்றுங்கள்.

கோவைக்காரன்:

நீங்கள் சொன்ன ஹோஸ் சரிதான் சார், பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்ஃப்ளாட் டயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டெப்னி இல்லாத வண்டி என்பதால் அதைப் போட்டிருக்கிறார்கள். நம் ஸ்பீட் பிரேக்கரில் இடுப்பு போகிறது, விலையும் அதிகம். நான் சாதா டயருக்கு மாறி, டிக்கியில் பஞ்சர் கிட்டும் காற்றடிக்கும் மோட்டாரும் வைத்திருக்கிறேன்.

எனக்கு அடுத்த வேலை பதினைந்து வருட ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பிப்பு. 2022 ஏப்ரலிலிருந்து அதற்கான கட்டணம் 600-லிருந்து 5,000 ஆகிவிட்டது, பசுமை வரி தனி. இன்ஸ்பெக்‌ஷனுக்குக் கொண்டுபோகும் முன் முன்பக்க சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்ஷும் பிரேக் டிஸ்க்கும் மாற்றப் போகிறேன். லெம்ஃபோர்டர் புஷ் கோவையில் கையிருப்பில் வைத்திருக்கும் கடை யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.