விண்ணில் தரவு மையம் வைத்தால் மின்சாரச் சிக்கல் தீருமா?

உதகை ஆசிரியர்:
மேல்நிலைப் பள்ளியில் கணினி அறிவியல் கற்பிக்கிறேன். சர்வர் கணினிகள் நிறைந்த கூடங்களான தரவு மையங்கள் உலகெங்கும் 2024ஆம் ஆண்டில் ஏறத்தாழ 41,500 கோடி யூனிட் மின்சாரத்தைச் செலவிட்டதாகப் பன்னாட்டு ஆற்றல் முகமை மதிப்பிட்டிருக்கிறது. அவற்றைப் பூமியின் சுற்றுப்பாதைக்கே கொண்டுபோகும் நோக்கில், கூகுள் நிறுவனம் 2025 நவம்பரில் 'சன்கேட்சர்' திட்டத்தை அறிவித்து, 2027 தொடக்கத்துக்குள் இரண்டு சோதனைச் செயற்கைக்கோள்களை ஏவப்போவதாகக் கூறியுள்ளது. "அங்கே வெயிலும் ஓயாது, குளிருக்கும் குறைவில்லை, பிறகு என்ன தடை, சார்?" என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். நான் சொன்ன பதில் எனக்கே நிறைவளிக்கவில்லை. அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மஞ்சூர்வாசி:
வெயிலைப் பற்றி அந்தப் பெண் சொன்னது சரி. பகலும் இரவும் சந்திக்கும் எல்லையை ஒட்டியே சுற்றும் பாதையில் ஆண்டின் பெரும்பகுதி நிழலே படாது. சதுர மீட்டருக்கு 1,361 வாட் வீதம் வெயில் விழும். நான் குந்தா மின்நிலையத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். போர்த்திமந்துக்கும் அவலாஞ்சி–எமரால்டு நீர்த்தேக்கத்துக்கும் இடையே 500 மெகாவாட் நீரேற்று மின்திட்டம் எதற்காக? மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்றி, தேவை கூடும்போது கீழே விடுவதற்காக. அப்படியொரு சேமிப்பே விண்ணில் அநேகமாக வேண்டியிராது என்பது பெரிய லாபம்.

தலைக்குந்தா தேயிலை:
மஞ்சூர் ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் குளிர் பற்றிய பாதி அப்படியன்று. சர்வர் அறைகளைக் குளிர்விப்பதே என் வேலை என்றாலும், இதை நான் புரிந்துகொண்டது எங்கள் தோட்டத்தில்தான். ஜனவரியில் வானம் தெளிந்த இரவில், காற்று இன்னும் 2 டிகிரியில் இருக்கும்போதே புல்லில் உறைபனி பிடித்துவிடும். மேகம் மூடினால் பிடிப்பதில்லை. அப்பா மாலையிலேயே தேயிலை நாற்றுகளின்மேல் காய்ந்த தழையைப் பரப்பிவிடுவார். விடியற்காலையில் விலக்கிப் பார்த்தால் தழையின் மேற்புறம் வெள்ளை வெளேரென்றும், அடியிலுள்ள இலை பச்சை மாறாமலும் இருக்கும். இலை தன் சூட்டைக் கதிர்வீச்சாகத் திறந்த வானத்தில் இழந்துவிடாமல் அந்தத் தழை நடுவில் நின்று மறைக்கிறது.

காற்றோ நீரோ இல்லாத விண்ணில் சர்வரின் சூடு வெளியேற இந்த ஒரு வழிதான் உண்டு. 20 டிகிரியில் உள்ள கருந்தகடு ஒரு பக்கத்தில் சதுர மீட்டருக்குச் சுமார் 418 வாட் மட்டுமே உமிழும். இரு பக்கமும் வெயில் படாமல் வைத்தாலும், 1 மெகாவாட் வெப்பத்துக்கு ஏறத்தாழ 30 சென்ட் பரப்பில் தகடு வேண்டும். 100 மெகாவாட் என்றால் 30 ஏக்கர். தகட்டைச் சூடாக ஓட்டினால் பரப்பு குறையும், ஆனால் சில்லுகள் அந்தச் சூட்டைத் தாங்க வேண்டும். பன்னாட்டு விண்வெளி நிலையம் சுமார் 70 கிலோவாட்டை வெளியேற்றவே அம்மோனியாவைக் குழாய்களில் சுற்றவிடுகிறது.

குன்னூர் மாணவன்:
இதோடு அண்டக்கதிர்களையும் சேர்க்க வேண்டும். காற்றுமண்டலம் வடிகட்டிய பிறகும் எஞ்சி வரும் துகள்களை நம் உதகையிலேயே ஓர் ஆய்வகம் இரவுபகலாக எண்ணிக்கொண்டிருக்கிறது. அந்தக் காப்பு இல்லாத இடத்தில் ஒரு துகள் பட்டாலே நினைவகத்தில் 0 ஒன்று 1 ஆகிவிடலாம். கூகுள் தன் சில்லுகளைப் புரோட்டான் கற்றையில் வைத்துச் சோதித்தது இதற்காகத்தான். பழுதான பலகையை மாற்ற ஆளும் போக முடியாது. தகடும் சில்லும் எடைதானே: கிலோவுக்கு 200 டாலர் அளவுக்கு ஏவுசெலவு இறங்கினால்தான், அதுவும் 2030களின் நடுவில்தான், கணக்கு ஒத்துவரக்கூடும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். முத்தோரையில் மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு நிற்கும் ரேடியோ தொலைநோக்கியை நினைத்தும் கவலைப்படுகிறேன். செயற்கைக்கோள் கருவிகளிலிருந்து கசியும் அலைகள் வானியலாளர்களுக்கு இப்போதே தொல்லையாக இருக்கின்றன.

உதகை ஆசிரியர்:
மூவருக்கும் நன்றி. உறைபனிக் காலம் தொடங்கியதும் பள்ளி மைதானத்தில் இரண்டு தட்டுகளில் தண்ணீர் வைக்கப் போகிறோம். ஒன்று திறந்த வானத்தின்கீழ், மற்றொன்று நாலு கழியில் கட்டிய சாக்கின்கீழ். இரவு எத்தனை மணிக்கு வைப்பது நல்லது என்று தலைக்குந்தா நண்பர் சொன்னால் உதவியாக இருக்கும்.