ஃபமிகொமுக்கு ஏவி இணைப்பு: படம் நிழலாகத் தெரிகிறது, மெட்டு கேட்கிறது, தாளம் இல்லை

கொக்குவில் குமிழ் (வெள்ளி மாலை)

வணக்கம். என் சித்தப்பா கப்பலில் வேலை செய்த காலத்தில் யோகோகாமாவில் வாங்கிவந்த நின்ரெண்டோ ஃபமிகொம் என்ற வீடியோ கேம் பெட்டி ஒன்று எங்கள் வீட்டுத் தகரப் பெட்டிக்குள் கிடந்தது. சிவப்பும் வெள்ளையுமான பழைய வகை. கொன்ட்ரோலர் இரண்டும் கழற்ற முடியாதபடி உடலோடு பொருத்தியவை. அவர் கொண்டுவந்தபோது வீட்டில் மின்சாரம் இருந்தது, ஆனால் ரிவியில் படம் வரவில்லை. பிறகு 1990இல் மின்சாரமே இல்லாமல் போய்விட்டது. அதனால் யாழ்ப்பாணத்தில் இந்தப் பெட்டியை இன்றுவரை ஒருவரும் விளையாடியதில்லை.

பின்பக்கத்தில் அன்ரனாக் கம்பிக்கான துளை மட்டுமே உண்டு. ஏவி, அதாவது படத்தையும் ஒலியையும் நேரே ரிவிக்குக் கொண்டுபோகும் மஞ்சள், வெள்ளை வயர் செருகும் வசதி இல்லை. எனவே எல்லோரும் செய்யும் மாற்றத்தையே செய்தேன்: படம் வரையும் ஐசியின் 21ஆம் காலில் வயர் பற்றவைத்து, ஒரு ட்ரான்சிஸ்டர், இரண்டு தடையிகள், 220 மைக்ரோ ஃபரட் கொள்ளளவி ஒன்று வழியாக மஞ்சள் செருகிக்குக் கொண்டுவந்தேன். ஒலியை மூளை ஐசியின் 1ஆம் காலிலிருந்து எடுத்தேன்.

இப்போது எல்ஈடி ரிவியில் திரை கறுப்பு. அறை விளக்கை அணைத்துவிட்டு உற்றுப் பார்த்தால் நிழல் போல ஏதோ அசைகிறது. ஒலி வருகிறது, மிகவும் மெல்லியது, மெட்டு மட்டும்தான். மேளமும் அடித்தாளமும் இல்லை. மூளை ஐசி பாதி செத்துவிட்டதா? சித்தப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஈயக்குச்சி

சுன்னாகத்தில் ரிவி திருத்துபவன் நான். தம்பி, நோயாளியை மட்டும் காட்டினாய், மருந்துச் சீட்டைக் காட்டவில்லை. மூன்று கேள்விகள். ட்ரான்சிஸ்டரின் முகத்தில் என்ன எழுதியிருக்கிறது? மின்சாரம் எதிலிருந்து கொடுக்கிறாய்? 5 வோல்ற்று வருகிறதா என்று அளந்தாயா?

இரண்டாவது கேள்விக்குப் பதில் "ஜப்பான் அடப்டர்" என்றால் இந்த இழையை இங்கேயே மூடிவிடலாம். அது 100 வோல்ற்றுக்குச் செய்தது. நம் சுவரில் வருவது 230.

கொக்குவில் குமிழ்

ஜப்பான் அடப்டரைத் தொடவில்லை அண்ணை. அதன் முதுகில் 10 வோல்ற்று, 850 மில்லி அம்பியர் என்று இருந்தது. நான் பயன்படுத்துவது பழைய சிசிரிவி கமராவின் 12 வோல்ற்று அடப்டர். ஃபமிகொமுக்கு அடப்டர் நுனியின் நடுமுனை எதிர் (−) என்பதால் நுனி வயர்களை வெட்டி மாற்றிப் பற்றவைத்தேன்.

உள்ளே 5 வோல்ற்றாகக் குறைத்துத் தரும் சீராக்கி ஐசியான 7805இன் வெளியீடு 4.98 வோல்ற்று. ஆனால் அதன் தகட்டில் மூன்று செக்கன் விரல் வைக்க முடியவில்லை.

சுற்று வரைபடத்தில் 2எஸ்ஏ1015 ட்ரான்சிஸ்டர் போடச் சொல்லியிருந்தது. கஸ்தூரியார் வீதிக் கடையில் அது இல்லை. "இதுவும் அதேதான்" என்று பிசி557 தந்தார்கள். 300 ஓம் கிடைக்காததால் 330 (செம்மஞ்சள், செம்மஞ்சள், கபிலம்), 110க்குப் பதில் 100. ட்ரான்சிஸ்டரின் தட்டை முகத்தை வரைபடத்தில் உள்ளபடியே என் பக்கம் பார்க்க வைத்துத்தான் பொருத்தினேன்.

புலம்பெயர்ந்த பூனை

ரொறன்ரோவிலிருந்து. இவ்வளவு பாடு எதற்கு? 1993இல் நின்ரெண்டோவே ஏவி வெளியீட்டுடன் புதிய ஃபமிகொம் ஒன்றை வெளியிட்டது. அதை வாங்கினால் பற்றவைக்கவே தேவையில்லை.

கொக்குவில் குமிழ்

அது சித்தப்பா கொண்டுவந்தது அல்லவே அக்கா.

ஈயக்குச்சி

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. இரண்டும் பிஎன்பி வகைதான், இந்த வேலைக்கு இரண்டும் போதும். ஆனால் கால்களின் வரிசை வேறு. உயர்தரப் பௌதிகவியலில் காலி, அடி, சேகரிப்பான் என்று படித்திருப்பாய். தட்டை முகம் உன்னைப் பார்க்க, கால்கள் கீழே இருக்க, இடமிருந்து வலமாகப் பார்: 2எஸ்ஏ1015 என்றால் எமிட்டர், கலெக்டர், பேஸ். பிசி557 என்றால் கலெக்டர், பேஸ், எமிட்டர். ஒரு கால்கூட ஒத்துப்போகவில்லை.

நான் சொல்வதை நம்பாதே, அளந்து பார். மல்டிமீற்றரின் கறுப்பு முனையை ட்ரான்சிஸ்டரின் நடுக்கால் சேரும் இடத்தில் பூமியோடு (0 வோல்ற்று இணைப்போடு) வைத்து, சிவப்பு முனையை முதலில் 21ஆம் காலிலும் பிறகு 330 ஓம் தடையி ட்ரான்சிஸ்டரைத் தொடும் இடத்திலும் வை. இரண்டு எண்களையும் எழுது.

கொக்குவில் குமிழ்

21ஆம் காலில் 0.69. தடையி தொடும் இடத்தில் 0.72.

ஈயக்குச்சி

கள்வன் பிடிபட்டான். சரியாகப் பொருத்தியிருந்தால் இரண்டாவது இடம் முதலாவதை விட ஏறத்தாழ 0.6, 0.7 வோல்ற்று மேலே நிற்க வேண்டும். உன்னிடத்தில் இரண்டும் ஏறக்குறையச் சமம், அதுவும் சிலிக்கன் சந்தி ஒன்று திறக்கும் அளவில். என்ன நடந்திருக்கிறது என்றால், பூமிக்குப் போக வேண்டிய இடத்தில் பேஸ் உட்கார்ந்திருக்கிறது. படச் சமிக்ஞை எமிட்டர் வழியாகவும், 5 வோல்ற்று 330 ஓம் ஊடாகக் கலெக்டர் வழியாகவும் அந்தப் பேஸில் இறங்கி நேரே பூமிக்குப் போகின்றன. படம் 0.7 வோல்ற்றுக்கு மேலே தலைதூக்க முடியாது. நீ கண்ட நிழல், அமுக்கப்பட்ட படத்தின் மிச்சம்.

ட்ரான்சிஸ்டர் செத்திருக்காது. அந்த 330 ஓம் ஊடாக 13 மில்லி அம்பியர்தான் பாயும், பிசி557 அதைத் தாங்கும்.

திருப்பிப் போட்டால் சரிவரும் என்று நினைக்காதே. திருப்பினால் எமிட்டர், பேஸ், கலெக்டர் என்றாகும். ஓரக்கால் ஒன்று சரி, மற்ற இரண்டும் இடம் மாறியே நிற்கும். எனவே திருப்பிவிட்டு, நடுக்காலையும் வலக்காலையும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக வளைத்துப் பொருத்து. மேலே போகும் காலுக்கு வயரின் பிளாஸ்ரிக் உறையை உருவி மாட்டிவிடு, இல்லாவிட்டால் இரண்டும் முத்தமிடும்.

கொள்ளளவியின் நேர்முனை எமிட்டர் பக்கம் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்.

பருத்தித்துறை வானொலி (சனி காலை)

படத்தைத் தம்பி ஈயக்குச்சி பார்த்துக்கொள்வார். தாளம் இல்லாத விடயத்துக்கு நான் வருகிறேன். மின்சாரமும் பற்றரியும் இல்லாத நாட்களில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்ட தலைமுறை நாங்கள். செய்தி முடியும்வரை பெடலில் இருந்து கை எடுக்க முடியாது. ஆகவே ஒலி போன பெட்டி என்றால் எனக்குக் கை சும்மா இராது.

உங்கள் சித்தப்பாவுக்கு அன்று படம் வராததற்குப் பெட்டியில் கோளாறு தேட வேண்டாம். ஃபமிகொம் ஜப்பானின் 1ஆம் அல்லது 2ஆம் அலைவரிசையில் ஒளிபரப்பும். அவற்றின் பட அலைகள் 91.25, 97.25 மெகா ஹேர்ட்ஸ். இலங்கையில் அது எஃப்எம் வானொலியின் இடம். இங்குள்ள ரிவி அந்தப் பக்கம் எட்டியும் பார்க்காது.

ஆனால் வானொலி பார்க்கும்! ஒலி, பட அலையிலிருந்து 4.5 மெகா ஹேர்ட்ஸ் மேலே எஃப்எம் முறையிலேயே போகிறது. அன்ரனாத் துளைக்குப் படத்தையும் ஒலியையும் அனுப்பும் பழைய ஆர்எஃப் பகுதியை நீங்கள் இன்னும் துண்டிக்கவில்லை என்றால், அலைவரிசை ஆளியை 1இல் வைத்து, அன்ரனாத் துளையில் ஒரு முழ வயரைச் செருகி, பக்கத்தில் வானொலியை வைத்து 95.75இல் தேடுங்கள். முள் நகரும் பழைய வானொலி என்றால் நல்லது. ஒலி சற்றுச் சன்னமாக இருக்கும். அந்த இடத்தில் வேறு நிலையம் பாடினால் ஆளியை 2க்கு மாற்றி 101.75க்குப் போங்கள். அங்கே தாளம் கேட்டால் உங்கள் மூளை ஐசிக்கு ஒன்றும் இல்லை.

கொக்குவில் குமிழ் (சனி மதியம்)

ஐயா, கேட்டது! அம்மம்மாவின் வானொலியில், 96க்குச் சற்று முன்னால். இரைச்சலுக்குள் இருந்து முழு இசையும் வந்தது, மேளத்துடன். அம்மம்மா குசினியிலிருந்து வந்து "இது எந்த நாட்டு நிலையம்?" என்று கேட்டார்.

அப்படியானால் என் வயரில் மட்டும் ஏன் தாளம் இல்லை?

பருத்தித்துறை வானொலி

பாதிக் கச்சேரிக்குத்தான் நீங்கள் டிக்கெட் எடுத்திருக்கிறீர்கள். அந்த ஐசி ஒலியை இரண்டு கால்களில் பிரித்துத் தருகிறது. 1ஆம் காலில் இரண்டு சதுர அலைகள், அதாவது மெட்டு. 2ஆம் காலில் முக்கோண அலையும் இரைச்சலும் பதிவுசெய்த ஒலித்துணுக்குகளும், அதாவது அடித்தாளமும் மேளமும். இரண்டும் பலகையில் பின்னர்தான் கலக்கப்பட்டுப் பெருக்கப்படுகின்றன. அதனால்தான் உங்களுக்கு மெல்லியதாகவும் கேட்டது.

கலந்த ஒலி, விளையாட்டு அடங்கிய காட்ரிட்ஜ் செருகும் இடத்தின் 45ஆம் முனையால் காட்ரிட்ஜுக்குள் போய், 46ஆம் முனையால் திரும்பி வருகிறது. காட்ரிட்ஜ் தன் சொந்த ஒலியையும் சேர்த்து அனுப்புவதற்காக விட்ட வழி அது. வயரை 46க்கு மாற்றுங்கள். காட்ரிட்ஜ் இல்லாமல் சோதித்துவிட்டு ஒலியே இல்லை என்று மறுபடியும் பயப்பட வேண்டாம், பாலம் காட்ரிட்ஜுக்குள்தான் இருக்கிறது.

அந்த முனைகளில் நம் ஊர் உப்புக்காற்றின் பச்சைக் களிம்பு இருக்கும். ஊதாதீர்கள், எச்சில் இன்னும் கெடுக்கும். மருந்துக் கடைச் ஸ்பிரிட்டும் பஞ்சும் போதும்.

கொக்குவில் குமிழ் (சனி இரவு)

படம் வந்துவிட்டது. நிறத்துடன்! எமிட்டர் இப்போது 21ஆம் காலை விட 0.66 வோல்ற்று மேலே நிற்கிறது. ஒலி முழுதாக இருக்கிறது.

இரண்டு குறைகள் மட்டும். நீல வானத்தில் யன்னல் கம்பி போல மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகள், ஒரே இடைவெளியில். அடுத்தது, விறாந்தையில் உள்ள பழைய பெட்டி ரிவியில் படம் கறுப்பு வெள்ளையாகத்தான் வருகிறது.

ஈயக்குச்சி

கறுப்பு வெள்ளைக்கு மருந்து இல்லை. ஃபமிகொம் நிறத்தை ஜப்பானிய ரிவிக்கான என்ரிஎஸ்சி (NTSC) முறையில் 3.58 மெகா ஹேர்ட்ஸில் அனுப்புகிறது. உன் பெட்டி ரிவி நம் நாட்டுப் பால் (PAL) முறைக்காரன், 4.43இல் காது வைத்திருக்கிறான். எல்ஈடியிலேயே விளையாடு.

கோடுகளுக்கு முதல் காரணம், 21ஆம் கால் இன்னும் பழைய ஆர்எஃப் பகுதிக்கும் படத்தைக் கொண்டுபோவது. பலகையில் அந்தத் தடம் நீளமாக ஓடி, போகும் வழியெல்லாம் மற்றத் தடங்களின் குப்பையை அள்ளிக்கொண்டு வருகிறது. அதைத் துண்டி. இனி வானொலியில் கேட்க முடியாது என்று அழாதே, ஒலியின் வழி வேறு. உன் வயரும் நீளமாக இருந்தால் வெட்டிக் குறை, ட்ரான்சிஸ்டரை 21ஆம் காலுக்குப் பக்கத்திலேயே வை.

நாவற்குழி நட்

தடத்தை வெட்டினால் கோடு பாதிதான் குறையும். 21ஆம் காலின் ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, காலையே பலகையிலிருந்து மேலே தூக்கி, வயரை நேரே காலில் பற்றவைக்க வேண்டும். நான் இரண்டு பெட்டிகளில் அப்படித்தான் செய்தேன். கோடு கண்ணுக்கே தெரியவில்லை.

ஈயக்குச்சி

நீங்கள் சொல்வது சரி, படம் அதில் இன்னும் சுத்தமாக வரும். ஆனால் நாற்பது ஆண்டுப் பழைய கால் அது. ஒருமுறை வளைத்து மறுமுறை நிமிர்த்தினால் அடியோடு ஒடியும். ஒடிந்தால் அந்த ஐசிக்குக் கஸ்தூரியார் வீதியிலும் போக முடியாது, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் போக முடியாது. தடத்தை வெட்டினால், பிழைத்தாலும் ஒரு துண்டு வயரால் ஒட்டிவிடலாம். பழகாத கைக்கு நான் கத்தியைத்தான் கொடுப்பேன்.

அந்த 12 வோல்ற்றையும் மாற்று. 7805 மிச்சத்தை வெப்பமாகத்தான் கழிக்கும். பெட்டி அரை அம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொள், 12இல் மூன்றரை வாற்று, 9இல் இரண்டு வாற்று. ஒரு அம்பியர் தரக்கூடிய 9 வோல்ற்று அடப்டர் வாங்கு.

கொக்குவில் குமிழ் (ஞாயிறு இரவு)

நாவற்குழி அண்ணை கோபிக்க வேண்டாம், கத்தியைத்தான் எடுத்தேன். வெட்டிய பிறகு மல்டிமீற்றரை வைத்துத் தொடர்பு இல்லை என்று பார்த்துக்கொண்டேன். வயரையும் ஓர் அங்குலமாகக் குறைத்தேன். கோடுகள் முழுதாகப் போகவில்லை, ஆனால் தேடினால்தான் தெரிகின்றன. 9 வோல்ற்று அடப்டரில் அரை மணித்தியாலம் ஓடிய பிறகும் 7805இல் விரல் வைத்திருக்க முடிகிறது.

சித்தப்பாவை அழைத்துக் காட்டினேன். இரண்டாவது கொன்ட்ரோலரைக் கையில் எடுத்து, அதில் ஸ்ரார்ட் பொத்தான் இல்லை என்று குறை சொன்னார். அதில் மைக் மட்டும்தான் உண்டு, பொத்தான் முதலாவதில் இருக்கிறது என்றேன். "எனக்குத் தெரியாதா, வாங்கினவன் நான்" என்றார். பிறகு ஒன்றரை மணித்தியாலம் முதலாவதை எனக்குத் தரவில்லை.

நாவற்குழி நட்

கோபம் எதற்கு. ஒன்று மட்டும் கேட்க வேண்டும்: முனை மாற்றிய அந்தக் கமரா அடப்டர் இப்போது எங்கே?

கொக்குவில் குமிழ்

மேசை இழுப்பறையில்.

நாவற்குழி நட்

நாளைக்கு யாராவது அதைக் கமராவில் செருகுவார்கள்.

கொக்குவில் குமிழ்

இப்போதே எழுந்து போய் வயரைப் பழையபடி மாற்றிவிட்டேன். புதிய 9 வோல்ற்று அடப்டரில் சிவப்பு நாடா சுற்றி "சித்தப்பாவின் பெட்டிக்கு மட்டும்" என்று எழுதியிருக்கிறேன்.