புதுப்பிப்பு: பேர் தெரியாத ஒயின்கள், சுவைத்துப் பார்த்தாயிற்று

"பாட்டில் 12 யூரோவுக்குள், நண்பர்கள் யாரும் குடித்திராத ஒயின் நான்கு சொல்லுங்கள்" என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை ஊற்றிப் பார்த்தோம்.

எல்லோரையும் கவர்ந்தது மஸ்கடே. பிரான்சில் லுவார் ஆறு கடலில் சேரும் பக்கம், நாந்த் நகரை ஒட்டி விளைகிற வெள்ளை ஒயின். லேபிளில் 'சுர் லீ' என்று இருக்கிறதா பார்த்து வாங்குங்கள். அப்படியென்றால், நொதித்து முடித்த ஈஸ்ட் வண்டலின் மேலேயே குளிர்காலம் முழுக்க வைத்திருந்து, பிறகுதான் பாட்டிலில் அடைப்பார்கள். நாக்கில் லேசான குறுகுறுப்பு, ரொட்டி வாசம், கடைசியில் ஒரு துளி உப்பு. வறுத்த இறாலுக்கு அப்படிப் பொருந்தியது.

சிவப்பில் ஹங்கேரியின் கெக்ஃப்ராங்கோஷ். ஆஸ்திரியாவில் பிளாவ்ஃப்ரெங்கிஷ் என்கிற அதே திராட்சைதான். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துக் கொடுத்தேன். செர்ரிப் புளிப்பும் மிளகு வாசமும் தெளிவாகத் தெரிந்தன. ஸ்பெயினின் பியெர்சோ பகுதியில் மென்சியா என்கிற திராட்சையில் செய்த சிவப்பு ஒயினும் நன்றாகவே இருந்தது. போர்ச்சுகலின் வின்யோ வெர்டே சரி, வெயில் நாளுக்கு.

அப்புறம், பாட்டிலைத் துணியால் சுற்றி ஊற்றச் சொன்ன யோசனை அருமை. விலை தெரியாததால் எல்லோரும் மனதில் பட்டதைப் பேசினார்கள்.

அடுத்து சிசிலியின் ஃப்ரப்பாட்டோ தேடுகிறேன். இதே விலைக்குள் வாங்கியவர்கள் சொல்லுங்கள்.