வேர்க்கடலை ஒவ்வாமை ஆர்டர்: மிக்சி ஜாரை எப்படிப் பிரித்து வைக்கிறீர்கள்?

ஹோட்டல் கிச்சனில் இருப்பவர்களிடம் ஒரு உதவி. எங்களுடையது சைவ ஹோட்டல். "காரம் வேண்டாம், வெங்காயம் வேண்டாம்" என்பவர்களுக்குத் தோசையைத் தனியாக ஊற்றிக் கொடுத்தால் முடிந்தது. வேர்க்கடலை, முந்திரி ஒவ்வாமை அப்படியில்லை. பொங்கலிலிருந்து முந்திரியைப் பொறுக்கி எடுத்துவிட்டுக் கொடுக்கவே கூடாது. தாளித்த நெய்யிலேயே அதன் புரதம் இறங்கியிருக்கும். சூட்டில் அது அழிந்துவிடாது. கோதுமை ஆகாதவருக்குச் சாம்பாரும் சிக்கல்தான், கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா இருக்கும்.

இப்போது செய்வது: பில்லில் சிவப்பு மையில் குறிப்பு, சோப்புப் போட்டுக் கழுவிய தனிக் கடாய், புது எண்ணெய், கை கழுவிய ஒரே ஆள் சமைத்து அவரே மேசைக்குக் கொண்டுபோவது.

சிக்கல் மிக்சியில்தான். பிளேடுக்கு அடியிலும் மூடியின் ரப்பர் வளையத்திலும் வேர்க்கடலைச் சட்னி ஒட்டிக்கொள்கிறது. தண்ணீர் விட்டு ஓட்டினால் போவதில்லை.

தனி ஜாருக்கு என்ன அடையாளம் வைக்கிறீர்கள்? இரவு 8 மணிக் கூட்டத்தில் அது கலந்துவிடாமல் எங்கே வைக்கிறீர்கள்? பிளேடு கழற்றிக் கழுவக்கூடிய ஜார் யாராவது பயன்படுத்துகிறீர்களா? "இதை எங்களால் பாதுகாப்பாகத் தர முடியாது" என்று எந்தெந்த உணவுக்கு நேராகச் சொல்லிவிடுகிறீர்கள்? குருமாவை அந்தப் பட்டியலில் ஏற்கெனவே சேர்த்துவிட்டோம்.