வெள்ளித் தாமரை நம்ம பக்கம் வந்து போன கதைகள்

பழைய கீபோர்டுக்காரன், அம்மாபேட்டை

தேசியத் திரைப்பட விருதில் வெள்ளித் தாமரை இசைக்கு யாருக்கு, பாட்டுக்கு யாருக்கு என்று பட்டியல் வந்தாலே எனக்கு ஏற்காட்டுப் பனியும் நமத்துப்போன ஒரு தபேலாவும்தான் ஞாபகம் வரும். என் கதையைச் சொல்கிறேன், அப்புறம் நீங்கள் சொல்லுங்கள். விருது வாங்கியவரோடு போட்டோ எடுத்திருக்க வேண்டும் என்றில்லை. அந்த விருது உங்கள் தெருப் பக்கம் எப்படி வந்து போனது என்று சொன்னால் போதும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சேலத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தேன். ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா சமயத்தில் ஒரே இரவில் இரண்டு மேடைகூட ஏறுவோம். மற்ற மாதங்களில் கல்யாண வரவேற்புதான். எங்கள் தபேலா அண்ணன் இளையராஜா பக்தர். ஒரு பாட்டின் இடையிசையை வயலின், புல்லாங்குழல், பேஸ் என்று பிரித்துப் பிரித்து வாயாலேயே வாசித்துக் காட்டுவார்.

1992-ம் வருடப் படங்களுக்கான விருது 1993-ல் வந்தது. சிறந்த இசை 'ரோஜா', ஏ.ஆர். ரஹ்மான். அவருக்கு முதல் படம். அண்ணன் பேப்பரை மடித்து டீக்கடை பெஞ்சில் வைத்தார். பாதி தின்ற தட்டுவடை செட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

உள்ளே நடந்தது பின்னால்தான் வெளியே வந்தது. 'ரோஜா'வுக்கும் இளையராஜா இசையமைத்த 'தேவர் மக'னுக்கும் ஓட்டு சமமாக நிற்க, நடுவர் குழுத் தலைவர் இயக்குநர் பாலு மகேந்திரா தன் ஓட்டை ரஹ்மானுக்குப் போட்டார். பாலு மகேந்திராவும் இளையராஜாவும் எவ்வளவு நெருக்கம் என்று தெரிந்தவர்களுக்குத்தான் இதன் கனம் புரியும். அன்றைக்கே தெரிந்திருந்தால் எங்கள் தபேலா அண்ணன், பாலு மகேந்திரா படம் எதையும் அப்புறம் பார்த்திருக்க மாட்டார்.

அந்தப் பட்டியலில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 'சின்னச் சின்ன ஆசை' எழுதிய வைரமுத்துவுக்கு விருது, இசையமைத்தவருக்கும் விருது. பாடிய மின்மினிக்கு இல்லை. சிறந்த பாடகி எஸ். ஜானகி, பாட்டு 'தேவர் மகன்' படத்து 'இஞ்சி இடுப்பழகி'.

சரி, ஏற்காட்டுக்கு வருகிறேன். கோடை விழாவில் எங்களுக்கு ஒரு மாலை கிடைத்தது. வேனில் ஏறினோம். இருபது கொண்டை ஊசி வளைவில் பாதி தாண்டுவதற்குள் பாடகி அக்கா ஜன்னலோரம் தலையைச் சாய்த்துவிட்டார். ஆறு மணிக்கு மேல் பனி இறங்கியதும் தபேலாத் தோல் நமத்துச் சுருதி இறங்கியது. அண்ணன் சுத்தியலால் கட்டைகளைத் தட்டித் தட்டி ஏற்றுகிறார், இரண்டு பாட்டுக்குள் மறுபடி தொய்கிறது. கடைசியில் மேடைக்குப் பின்னால் மிளகாய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தவரிடம் கொண்டுபோய், அடுப்பு அனலில் காட்டிக்கொண்டு நின்றார்.

'சின்னச் சின்ன ஆசை' முறை வந்தது. அண்ணன் வாசிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. "தபேலா அடுப்புல இருக்கு தம்பி" என்றார், அவ்வளவுதான். நான் ரிதம் பட்டனை அழுத்திவிட்டு ஒப்பேற்றினேன். கூட்டம் ஒன்ஸ்மோர் கேட்டது. அடுத்து 'இஞ்சி இடுப்பழகி' என்று அறிவித்ததும் ஆள் ஓடி வந்து உட்கார்ந்தார். அந்தப் பாட்டில் ஜானகி செய்திருப்பது லேசான காரியம் இல்லை. பாடத் தெரியாத பெண் வெட்கப்பட்டுக்கொண்டே பாடுகிற மாதிரி, ஒரு பெரிய பாடகி பாட வேண்டும். எங்கள் அக்காவுக்கு வயிற்றுப் புரட்டல் இன்னும் தீரவில்லை. குரல் தானாகவே தயங்கியது. அன்றைக்கு மாதிரி அவர் அதைப் பாடி நான் கேட்டதே இல்லை.

இறங்கும்போது இருட்டில் அண்ணன் கணக்கை முடித்தார்: "மியூசிக்குக்கு அவங்க வாங்கிக்கட்டும். பாட்டு நம்முது."

கன்னங்குறிச்சி

அண்ணா, நீங்கள் வேனில் போன அதே ரோட்டில்தான் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் வாசல் வளைவு நிற்கிறது. எங்கள் தாத்தா அங்கே செட் போடும் தச்சர். அவரைப் பொறுத்தவரை தேசிய விருது டெல்லியில் தொடங்கவே இல்லை, அந்த வளைவுக்கு உள்ளேதான் தொடங்கியது.

இசையமைப்புக்கு என்று தேசிய விருது முதன்முதலில் கொடுத்தது 1967-ம் வருடப் படங்களுக்கு. வாங்கியவர் கே.வி. மகாதேவன், படம் 'கந்தன் கருணை'. அவர் நாகர்கோவில் பக்கத்துக்காரர்தான், ஆனால் சினிமாவுக்கு வந்தது 1942-ல், மாடர்ன் தியேட்டர்ஸின் 'மனோன்மணி' படத்தில். 'கந்தன் கருணை'யை இயக்கிய ஏ.பி. நாகராஜனோ சங்ககிரிப் பக்கத்து அக்கம்மாபேட்டைக்காரர். ஆக, முதல் விருதில் நம்ம ஜில்லாவுக்கு இரண்டு பக்கமும் பங்கு இருக்கிறது. தாத்தா இதைச் சொல்லும்போதெல்லாம் "முதலாளி பார்க்கலையே" என்று ஒரு மூச்சு விடுவார். மாடர்ன் தியேட்டர்ஸ் முதலாளி டி.ஆர். சுந்தரம் 1963-லேயே போய்விட்டார்.

மகாதேவனுக்கு 'சங்கராபரண'த்துக்காக இன்னொரு தேசிய விருதும் வந்தது. அது தாத்தாவுக்குப் பெரிதாகப் படவில்லை. தெலுங்குப் படம் என்பதால் இல்லை, "அதுல நம்ம ஆளு யாரு இருக்கா?" என்பார்.

இப்போது அந்த வளைவின் முன்னால் வண்டியை நிறுத்திச் செல்ஃபி எடுத்துக்கொண்டு ஏற்காடு போகிறார்கள். மகாதேவன் பேரைச் சொன்னால் "யாரு, பாடகரா?" என்று கேட்கிறார்கள்.

சுரமங்கலம்

ஒரே ஒரு வயிற்றெரிச்சல். பாடகிக்கான முதல் விருது 1968-ம் வருடப் படத்துக்கு, பி. சுசீலா. பாட்டு 'உயர்ந்த மனித'னில் 'நாளை இந்த வேளை பார்த்து'. அதற்கு இசை எம்.எஸ். விஸ்வநாதன். அவர் பாட்டைப் பாடியவருக்குக் கிடைத்தது, அவருக்குக் கடைசி வரை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இதை எங்கே போய்ச் சொல்வது?

கொலுசுப் பட்டறை, செவ்வாய்ப்பேட்டை

எங்கள் தொழில் வழியாக ஒன்று. படத்துக்கும் இயக்கத்துக்கும் தங்கத் தாமரை உண்டு. இசை, பாட்டு இதற்கெல்லாம் வெள்ளித் தாமரைதான். கூடவே வரும் பணம் முன்பு 50,000 ரூபாய், இப்போது 2 லட்சம். எனக்கு இது தெரிய வந்ததே ஒரு ஆர்டரால்தான்.

ஒரு ரசிகர் மன்றம், பேர் வேண்டாம், உள்ளூர் பாட்டுப் போட்டிக்கு "டெல்லியில தர்ற மாதிரியே" ஒரு வெள்ளித் தாமரை கேட்டது. பேப்பரில் வந்த மங்கலான படம் ஒன்றுதான் மாதிரி. தகட்டில் இதழ் இதழாக வெட்டி, குழிவு தட்டி, ஒவ்வொன்றாகப் பற்றவைத்தேன். கொலுசுக்குச் சின்னச் சின்னப் பற்று, கை பழகிவிட்டது. இதழ் அப்படி இல்லை. நாலாவதைப் பற்றவைக்கும்போது அந்தச் சூட்டில் இரண்டாவது இளகி நகரும். மூன்று நாள் இதே ரோதனை. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டு பிரஷ்ஷால் தேய்த்து எடுத்ததும் வெள்ளை வெளேர் என்று வந்தது. மேடையில் மாலை, பொன்னாடை, அது இது என்று தூக்கித் தூக்கிக் கொடுத்ததில் ஒரு இதழ் கழன்று விழுந்துவிட்டது. ஜெயித்த பையன் மறுநாள் இதழைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தான். திரும்பப் பற்றவைத்துக் கொடுத்தேன், கூலி வாங்கவில்லை. மன்றத்துக்காரர்கள் பாக்கியும் தரவில்லை.

மலைப்பள்ளி ஆசிரியை, ஏற்காடு

2022 செப்டம்பர் 30. 2020-ம் வருடப் படங்களுக்கான விழா. எங்கள் ஊரில் சிக்னல் ஒரு பாறை மேல் மட்டும்தான் ஒழுங்காகக் கிடைக்கும். காபித் தோட்ட வேலை முடிந்து வந்த பெண்கள் நாலு பேர், நான், என் போன். 'சூரரைப் போற்று' பின்னணி இசைக்கு ஜி.வி. பிரகாஷ் வாங்கியதைப் பார்க்கத்தான் நான் போட்டேன்.

ஆனால் அவர்கள் கண் நின்றது நஞ்சியம்மாவிடம். அட்டப்பாடி இருளர் பெண், 'அய்யப்பனும் கோஷியும்' மலையாளப் படத்தில் தன் மொழியிலேயே பாடியதற்குச் சிறந்த பாடகி. கொடுத்தவர் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு, சந்தால் பழங்குடியைச் சேர்ந்தவர். சங்கீதம் முறையாகப் படிக்காதவருக்கு எப்படித் தரலாம் என்று, விருதை அறிவித்தபோதே கீழே ஒரு சண்டை ஓடியிருந்தது. பாறை மேல் யாருக்கும் அது தெரியாது.

வயதான அம்மா ஒருவர் போனைக் கையில் வாங்கி, கண்ணருகே வைத்துப் பார்த்தார். "இந்தப் பொம்பளை எந்த மலை?" என்றார். கேரளா என்றேன். "பாட்டு நாம நாத்து நடறப்ப பாடற மாதிரிதான இருக்கு? இதுக்கா கொடுத்தாங்க?" அவர் குறை சொல்லவில்லை. நிஜமாகவே சந்தேகம். மறுவாரம் பள்ளிக்கூடத்து வாசலில் என்னைப் பிடித்து, அவராகவே ஒரு பாட்டை முழுசாகப் பாடிக் காட்டிவிட்டுப் போனார்.

பழைய கீபோர்டுக்காரன், அம்மாபேட்டை

டீச்சர், நீங்கள் எழுதியதைத் தபேலா அண்ணனிடம் வாசித்துக் காட்டி, நஞ்சியம்மா பாட்டையும் போட்டேன். இரண்டு முறை கேட்டார், விரல் தொடையில் ஓடியது. விருதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "பின்னால வர்ற கொட்டு எந்தத் தோலுன்னு விசாரிச்சுச் சொல்லு" என்றார். யாருக்காவது தெரியுமா?